வெள்ளைக்காரப் பணியாரம்

மாமனார் செத்துப்போன செய்தி வெள்ளிக்கிழமை காலையில் முத்துராமனுக்கு வந்தது. செல்போனை வைத்துவிட்டு அவன் நேராகச் சமையலறைக்குப் போய், "மாவு கரைச்சாச்சா?" என்று பெண்டாட்டியைக் கேட்டான். பிறகு ஹாலுக்கு வந்து டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு, வீட்டு டெலிபோனின் வயரைப் பிடுங்கிப் போட்டான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியைத் தூக்கி அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன். பக்கத்து வீட்டு ஜெயபாரதி சொன்னால் செய்வாள் என்று அபுதாபி தாண்டி இருக்கிற இந்த ருவைஸ் ஹவுசிங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இது 2004 டிசம்பரில் நடந்தது. முத்துராமனும் என் வீட்டுக்காரரும் ஒரே பிளான்ட்டில் வேலை பார்த்தார்கள். ஷிஃப்ட் சூப்பரின்டென்டன்ட் பதவி ஒன்று காலியாகியிருந்தது. அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று எழுதி அனுப்ப வேண்டியவர் ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர். நல்ல உயரம், சிவந்த முகம், அதிர்ந்து பேச மாட்டார். அவர் ஒருநாள் கேன்டீனில் சும்மா இருக்காமல், டிசம்பர் வந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஏப்ளஸ்கீவர் செய்வார்கள், இந்தப் பாலைவனத்தில் அதற்கு எங்கே போவது என்று சொல்லிவிட்டார். மனுஷன் ஏதோ ஊர் நினைப்பில் பெருமூச்சு விட்டிருக்கிறார், அவ்வளவுதான். முத்துராமன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவன் கோபன்ஹேகனுக்கு டிரெயினிங் போய் வந்தவன். அங்கே தெருக்கடையில் அந்தப் பண்டத்தை ஒரே ஒரு முறை சாப்பிட்டிருக்கிறான். மைதா மாவில் முட்டை போட்டு, குழிச் சட்டியில் ஊற்றி, பந்துமாதிரி உருட்டி எடுத்து, மேலே சர்க்கரைப் பொடி தூவி ஜாமில் தொட்டுச் சாப்பிடுவது. பார்த்தால் நம்ம பணியாரத்தின் பெரியப்பா பிள்ளை என்று சொல்லலாம். "என் வீட்ல அந்தச் சட்டியே இருக்கு சார், என் மனைவி செய்வாள்" என்று சொல்லி, ஹென்ரிக்கையும் அவர் மனைவியையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான். சட்டி என்று அவன் சொன்னது, அவன் பெண்டாட்டி நாகவள்ளி தேவகோட்டையிலிருந்து புடவைகளுக்கு நடுவில் சுருட்டி எடுத்து வந்த ஏழு குழிப் பணியாரக் கல்லை.

நாகவள்ளிக்கு அப்போது பணியாரத்திலும் பதவியிலும் புத்தி இல்லை. ஊரில் அவள் அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கட்டி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாக அவள் "அப்பாவைப் பாக்கணும்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட் அவன் ஆபீஸ் லாக்கரில் இருந்தது. அவள் விசாவுக்கு அவன்தானே கஃபீல், ஸ்பான்சர். அவன் மனசு வைத்தால்தான் அவள் விமானம் ஏற முடியும்.

"இந்த விருந்து முடியட்டும். சனிக்கிழமை நீ ஃப்ளைட் ஏறு. ஆனா உருண்டை சரியா வரணும்" என்றான் முத்துராமன். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அப்பா சாகக் கிடக்கிறார், மகள் உருண்டை சரியாகச் சுட்டால்தான் போய்ப் பார்க்கலாம். இப்படி ஒரு கட்டளை போட ஒருத்தனுக்கு நாக்கு எப்படி எழும் என்று எனக்கு வயிறு எரிந்தது. வள்ளி மட்டும் தலையை ஆட்டினாள். அவளுக்குக் காதில் விழுந்தது சனிக்கிழமை என்ற ஒரு சொல்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்த செய்முறையை முத்துராமன் படிப்பான், அவள் செய்வாள். மோருக்குப் பதில் கோ-ஆப் கடையில் லபன் பாக்கெட். ஏலக்காயும் எலுமிச்சைத் தோல் துருவலும் உண்டு. வெள்ளைக் கருவைத் தனியாக நுரை நிற்கும்படி அடித்துக் கலக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. கைதான் காலை வாரியது. பணியாரம் சுட்ட கை, குழி நிறைய மாவை ஊற்றும். அடி சிவந்ததும் கம்பியால் ஒரே குத்தாகக் குத்திக் கவிழ்த்துவிடும். இந்த வெள்ளைக்காரப் பணியாரம் அப்படிச் செய்தால் இடுப்பு வைத்துக்கொள்கிறது. ஓரம் கொஞ்சம் வெந்ததுமே கால்வாசி திருப்ப வேண்டும், உள்ளே இருக்கிற பச்சை மாவு வழிந்து அடியில் நிரம்ப வேண்டும், மறுபடி கால்வாசி. பிறந்ததிலிருந்து பழகிய கை, அவசரத்தில் பழைய வேலையையே செய்தது.

முத்துராமன் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து டைனிங் டேபிளில் உருட்டிப் பார்ப்பான். நேராக ஓடினால் வைத்துக்கொள்வான். தள்ளாடினால் குப்பைத் தொட்டியில் போடுவான். "இது என்னடி, கோழிமுட்டையா? டென்மார்க்காரன் வாயில வைப்பானா இதை? உங்கப்பனைப் பாக்கணுமா வேண்டாமா உனக்கு?" அவள் மறுபடி எண்ணெய் தடவி மறுபடி ஊற்றுவாள். சூடான இரும்பில் பட்டு இரண்டு விரல் நுனியிலும் கொப்புளம். "ஏன்டி, நீ அந்தக் கல்லை அவன் கால்ல போட்டாத்தான் என்ன?" என்று கேட்டேன். "சும்மா இருங்கக்கா, ரெண்டு நாள்தானே" என்றாள். அவள் பொறுமையைப் பார்த்து எனக்குத்தான் கோபம் வந்ததே தவிர, அவளுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை அவள் அப்பாவிடம் போனில் பேசியபோதும் நான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினார் பெரியவர்.

"என்னமோ வெள்ளக்காரன் பணியாரமாமே?"

"ஆமாப்பா. முட்டையெல்லாம் போட்டு."

"அவனுக்கு எதுக்குத்தா பணியாரம்? ரொட்டி தின்னுட்டுப் போக வேண்டியதுதானே." அவர் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கினதும், "சரி, வர்றப்ப எனக்கும் ரெண்டு சுட்டுக் கொண்டா. எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்" என்றார்.

"சனிக்கிழமை கிளம்புறேன்ப்பா. ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல இருப்பேன்."

"வா, வா. இருக்கேன்" என்றார் அவர்.

அந்த மனுஷன் வெள்ளிக்கிழமை விடியலிலேயே போய்விட்டார். வள்ளியின் அண்ணன் அம்மையப்பன்தான் முத்துராமனுக்குப் போன் செய்தவர். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், வள்ளி வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்போம், நாளைச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கிறோம், உடனே அனுப்பி வையுங்கள் என்றாராம். அன்றைக்கு மத்தியானம் அபுதாபியிலிருந்து சென்னைக்கு விமானம் இருந்தது. காரில் ஏற்றி அனுப்பியிருந்தால் போதும், சனிக்கிழமை மத்தியானமே அவள் தேவகோட்டையில் இருந்திருப்பாள். முத்துராமன் சொன்ன பதில் இது: "டிக்கெட் கிடைக்கலை மச்சான். வள்ளியும் வர வேணாம்னுட்டா. அப்பாவை அந்தக் கோலத்துல பாக்க முடியாதாம், அழுதுக்கிட்டே படுத்திருக்கா. நீங்க காத்திருக்காதீங்க, இன்னிக்கே எடுத்துடுங்க."

சாவுச் செய்தி வந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். இனிப்பு சுடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இது அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவன் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்பா செத்த தீட்டு, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. தூர தேசத்தில் இருப்பவர்களுக்காகப் பெரியவர்கள் வைத்த இரக்கமான வழக்கம் அது. இவன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான். காதில் விழாதவரைக்கும் தீட்டு இல்லை, தீட்டு இல்லாதவரைக்கும் அவள் அடுப்பில் நிற்கலாம், ராத்திரி விருந்தாளிகள் போனதும் இப்போதுதான் போன் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எந்தச் சாஸ்திரிக்கும் இந்தப் புத்தி வராது.

இது எதுவும் தெரியாமல் நான் முட்டையோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். வள்ளி வெள்ளிக்கிழமை முட்டையைத் தொட மாட்டாள். "சாமியா எனக்குப் பிரமோஷன் குடுக்கப் போவுது?" என்று முதல் நாளே அவன் கத்தியிருந்தான். நான் மதுரைக்காரி, வெள்ளிக்கிழமையும் கறி தின்கிறவள். என் வீட்டிலேயே உடைத்து, வெள்ளையும் மஞ்சளும் பிரித்து, இரண்டு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படுக்கையறை வாசலில் அவள் சூட்கேஸ் கட்டித் தயாராக நின்றது. மேலே ஒரு பையில் அப்பாவுக்கு ஹார்லிக்ஸ், கோடாலித் தைலம், ஒரு மெல்லிய கம்பளி. எல்லாம் சதக்கத்துல்லா பாய் கடையில் வாங்கியது.

அன்றைக்கு அவள் கை சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் ஈடே ஏழும் ஏழு பந்து. ஒன்றைப் பிட்டுப் பார்த்தோம், உள்ளே பஞ்சுமாதிரி, நடுவில் ஆப்பிள் துண்டு. வள்ளி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அக்கா, இது ரெண்டு நாள் கெடாம இருக்குமா? அப்பாவுக்கு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள். ஃபிரிட்ஜில் வை, ஒன்றும் ஆகாது என்றேன். அப்போதே ஒரு சின்ன டப்பாவில் இரண்டை எடுத்துவைத்தாள்.

முத்துராமன் வந்து ஒன்றை மேடையில் உருட்டினான். அது நேராக ஓடிச் சுவரில் முட்டி நின்றது. "ம். பாஸ்" என்றான். "பச்சைப் பட்டைக் கட்டிக்க. தலையில பூ வெச்சுக்க. வந்தவங்க முன்னால மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்காத, சிரி."

"ஏங்க, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேனே. போன் வேலை செய்யலை."

"லைன் டெட். வெள்ளிக்கிழமை எவன் வந்து பாப்பான்? நான் காலையிலேயே செல்லுல பேசிட்டேன். உங்கப்பா நல்லா இருக்காரு. வலியெல்லாம் விட்டுப்போச்சாம். நிம்மதியாத் தூங்குறாரு."

அவள் சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பரவாயில்லையே, மாமனாருக்குத் தானாகப் போன் போட்டு விசாரித்திருக்கிறானே என்று எனக்கே அவன் மேல் ஒரு துளி மரியாதை வந்தது. அந்த ஒரு துளியை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

வெயில் தாழ்ந்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். ஹென்ரிக்கின் மனைவி பெயர் இங்கர், நரைத்த தலை, சாதுவான பெண்மணி. பூங்கொத்து கொண்டுவந்திருந்தார். வள்ளி பச்சைப் பட்டும் மல்லிகையுமாக, கல்யாணப் பெண்போலத் தட்டை நீட்டினாள். ஹென்ரிக் முதல் உருண்டையை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னார். அதற்குப் பிறகு தட்டு காலியாவதும் வள்ளி சமையலறைக்கு ஓடுவதுமாக இருந்தது. முத்துராமனுக்குக் காதுவரைக்கும் வாய்.

இங்கர் வள்ளியை நிறுத்தி, உன் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். வள்ளிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. முத்துராமன் முந்திக்கொண்டான். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போது தேறிவிட்டார், நாளை இவளை அனுப்புகிறேன், குடும்பம்தானே நமக்கு முக்கியம் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னான். நல்ல மனிதர் நீங்கள் என்றார் இங்கர். வள்ளி அவனை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜாம் தீர்ந்துவிட்டது. என் வீட்டில் ஒரு பாட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனேன். கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வள்ளி என் நம்பரை அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள். பேசியது அம்மையப்பன்.

"மேடம், வள்ளி வீட்டுப் போனு அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. மாப்பிள்ளை செல்லு ஆஃப்ல இருக்கு. அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. காடு வரைக்கும் போயி வந்துட்டோம், எல்லாம் முடிஞ்சுபோச்சு. வர முடியலேன்னா சரி. அழுறதுக்காவது ஒரு போன் போட்டிருக்கலாம்ல? கடைசி வரைக்கும் அவ பேரைத்தான் சொன்னாரு."

"யாரு? என்ன சொல்றீங்க?"

அவர் சொன்னார். முத்துராமன் பேசியதை அட்சரம் பிசகாமல் சொன்னார். "அவளுக்குத் தெரியாதுங்க. அவ பட்டுக் கட்டிக்கிட்டு வெள்ளைக்காரனுக்குப் பணியாரம் சுட்டுக்கிட்டு இருக்கா" என்றேன். எதிர்முனையில் ஓர் ஆண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

விருந்து முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று வேறு யாராவது நினைத்திருக்கலாம். நான் நினைக்கவில்லை. ஜாம் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனேன். கல்லில் ஏழு குழியிலும் மாவு இருந்தது. வள்ளி கம்பியால் கால்வாசி திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வள்ளி, அப்பா போயிட்டாருடி."

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பி அப்படியே நின்றது.

"காலையிலயே போயிட்டாரு. உங்கண்ணன் இப்பத்தான் என் வீட்டுக்குப் போன் பண்ணாரு. எடுத்துட்டாங்களாம், எல்லாம் முடிஞ்சிருச்சாம்."

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"அவன்தான்டி இன்னிக்கே எடுக்கச் சொல்லியிருக்கான். நீ வரமாட்டேன்னு சொன்னதா வேற சொல்லியிருக்கான். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன்னாராம் உங்கண்ணன்."

அவள் அழுவாள், கத்துவாள், விழுவாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் கல்லைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு கால்வாசி திருப்பினாள்.

"அடுப்பை அணைடி பாவி" என்றேன்.

"இருங்கக்கா. வேகட்டும்."

ஏழையும் கடைசி வரை திருப்பிச் சிவக்க எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். தலையிலிருந்த பூவைப் பிடுங்கி மேடையில் போட்டாள். சர்க்கரை தூவாமல் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

தட்டை அவள் விருந்தாளிகளுக்கு நீட்டவில்லை. முத்துராமன் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிடவே இல்லையே. சாப்பிடுங்க" என்றாள். பாஸ் முன்னால் பெண்டாட்டி உபசரிக்கிறாள் என்று அவனுக்குப் பெருமை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மென்று விழுங்கும்வரை பேசவில்லை.

"காலையில எங்கப்பாகிட்ட என்ன பேசுனீங்க?" என்றாள் தமிழில்.

"அதான் சொன்னேனே. நல்லா இருக்காரு."

"அவங்களுக்கும் இன்னொரு தடவை சொல்லுங்க. இங்கிலீஷ்ல."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் புரிந்திருக்கும். சிரித்துக்கொண்டே ஹென்ரிக் பக்கம் திரும்பி, இவளுக்கு அப்பா என்றால் உயிர் சார், காலையில் அவரிடம் பேசினேன், நன்றாக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

வள்ளி ஹென்ரிக்கைப் பார்த்தாள். "சார். மை ஃபாதர் டெட். டுடே மார்னிங்." விரலை நீட்டிப் புருஷனைக் காட்டினாள். "ஹீ டோல்ட் மை பிரதர், டோன்ட் வெயிட். ஃபார் திஸ்." தட்டையும் காட்டினாள்.

ஹென்ரிக் கையில் பாதி கடித்த உருண்டை இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இது உண்மையா என்று கேட்டார். உண்மைதான், எல்லாவற்றையும் அவள் அண்ணனே இப்போது போனில் சொன்னார் என்று நான் ஆங்கிலத்தில் உடைத்துச் சொன்னேன். ஒருமுறை சொன்னது போதாமல் இரண்டுமுறை சொன்னேன். அப்புறம் அந்தக் கல்லுளிமங்கன் முத்துராமன் பேசத் தொடங்கினான், என்ன பேசினான் என்கிறீர்கள்? சார், எங்கள் வழக்கத்தில் செய்தி காதில் விழுந்தால்தான் துக்கம் ஆரம்பம், ராத்திரி சொல்லலாம் என்று இருந்தேன், அவள் நிம்மதிக்காகத்தான், உங்களை ஏமாற்றக் கூடாது என்றுதான், என்று இழுத்துக்கொண்டே போனான்.

இங்கர் எழுந்துவந்து வள்ளியைக் கட்டிக்கொள்ளப் போனார். வள்ளி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "தொட வேணாம்னு சொல்லுங்கக்கா. இப்ப காதுல விழுந்துருச்சு" என்றாள். அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீட்டிய கையோடு அந்த அம்மாள் நின்றார். ஹென்ரிக் உருண்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கர்ச்சீப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர்கள் போகும்போது யாரும் வாசல்வரை போகவில்லை.

வள்ளி குளியலறைக்குப் போய்ப் பட்டுப் புடவையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

முத்துராமன் சொன்ன சொல் தவறாதவன். சனிக்கிழமை டிக்கெட் போட்டான். சமையலறையில் அந்தச் சின்ன டப்பா அப்படியே இருந்தது. அதை வள்ளி திறந்துகூடப் பார்க்கவில்லை, நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். அவள் போய்ச் சேர்ந்தபோது சாம்பலையும் கரைத்துவிட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி வைத்திருந்த இடத்தைக் கழுவிவிட்டு, ஒரு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்களாம். அதற்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்றே தெரியவில்லைக்கா என்று போனில் சொன்னாள். பதினாறாம் நாள் படையலுக்குப் பணியாரம் சுடச் சொன்னார்களாம். எனக்குச் சுட வராது என்று சொல்லிவிட்டாளாம்.

அந்தப் பதவி யாருக்குப் போனது என்று கேட்பீர்கள். முத்துராமனுக்குத்தான் போனது. ஹென்ரிக்கின் ரிப்போர்ட்டில் வேலையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்ததாம். வீட்டு விஷயம் வேறு, பிளான்ட் விஷயம் வேறு என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அப்படிச் சொன்னவர், அதன் பிறகு முத்துராமனோடு ஒரே மேசையில் சாப்பிட்டதில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

வள்ளி திரும்பிப் போக மாட்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறாள். போனில் அப்படி அழுத அண்ணன்தான் அவளைச் சமாதானம் செய்திருக்கிறார். "அவரு செஞ்சது தப்புதான்த்தா. நான் இல்லேங்கல. போன உசுரு வரவா போவுது? மாப்பிள்ளை இப்ப சூப்பரின்டென்டன்ட்டு. நம்ம அருளுக்கு ஒரு விசாவுக்குச் சொல்லியிருக்கேன், பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. நீ அனுசரிச்சுப் போ." அருள்ராஜ் அவருடைய மூத்த மகன். பிப்ரவரியில் வள்ளி ருவைஸுக்கு வந்து இறங்கினாள். வெயில் வருவதற்குள் அருள்ராஜும் வந்துவிட்டான்.

முத்துராமனை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. வீட்டைப் பெருக்கினாள், சட்டை தேய்த்தாள், சமைத்தாள். சமைப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு பழக்கம் வந்தது. லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து அவன் முன்னால் நிற்பாள். "இன்னிக்கு யாரும் சாகலையே? அடுப்பைப் பத்த வைக்கலாமா?" என்று கேட்பாள். குரலில் கோபம் இருக்காது, குத்தல் இருக்காது. பால் வாங்கணுமா என்று கேட்கிற மாதிரி கேட்பாள்.

முதல்நாள் அவன் கத்தினான். அவள் நின்றாள். கையை ஓங்கினான், அதற்கும் நின்றாள். இல்லை என்று அவன் வாயால் சொல்கிறவரைக்கும் அடுப்பு எரியவில்லை, அன்றைக்கு அவன் பட்டினியாக டியூட்டிக்குப் போனான். அதற்குப் பிறகு பதில் சொல்லப் பழகிக்கொண்டான். காபிக்கு ஒருமுறை, சோற்றுக்கு ஒருமுறை, ராத்திரி தோசைக்கு ஒருமுறை. அடுத்த டிசம்பரில் ஹென்ரிக்கும் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த புது மேனேஜர் தமிழ் தெரிந்த ஆள், கோயம்புத்தூர்க்காரர். அவரையும் குடும்பத்தோடு விருந்துக்குக் கூப்பிட்டு, அந்த டென்மார்க் அயிட்டத்தைச் செய் என்றான். செய்றேன் என்றாள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, மாவு கரைத்த கையோடு ஹாலுக்கு வந்து அவன் முன்னால் நின்று அதையே கேட்டாள். மேனேஜரின் மனைவி காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது அதோடு நின்றது.

இப்போது முத்துராமனின் அம்மாவுக்கு ஊரில் உடம்பு சரியில்லை. படுத்த படுக்கையாம். நேற்று வெங்காயம் கேட்க நான் போனபோது வள்ளி லைட்டரோடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து ஒருமுறை பார்த்தான். மிஸ்டு கால் ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி பார்த்தான். பிறகு "இல்ல" என்றான்.

வள்ளி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.